ஏழும் ஒன்றும்

ஆந்திரப் பிரதேசத்தில் சட்டமன்றத் தொகுதிகள் 175, மக்களவைத் தொகுதிகள் 25. ஏழு எம்.எல்.ஏ. தொகுதி சேர்ந்தால் ஒரு எம்.பி. தொகுதி. மிச்சம் மீதி இல்லாமல் வகுபடும் கணக்கு இது. 2024 ஜூன் 4 அன்று திருப்பதி மக்களவைத் தொகுதிக்குள் வரும் ஏழு சட்டமன்றத் தொகுதிகளையும் தெலுங்கு தேசம், ஜனசேனா, பாஜக கூட்டணியே வென்றது. சர்வேபள்ளி, கூடூர், சூலூர்பேட்டை, வெங்கடகிரி, திருப்பதி, காளஹஸ்தி, சத்தியவேடு என்று ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் அதே ஏழு தொகுதி ஜனங்கள், எம்.எல்.ஏ. ஓட்டுப் போட்ட அதே நாளில், அதே வாக்குச்சாவடியில் போட்ட எம்.பி. ஓட்டை எண்ணி முடித்தபோது, ஒய்.எஸ்.ஆர். காங்கிரசின் மத்திலா குருமூர்த்தி 14,569 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார்.

விஜயபுரத்தில் இருந்துகொண்டு சித்தூர், திருப்பதி பக்கத்துச் செய்திகளைத் தமிழ்ப் பத்திரிகைக்கு அனுப்பும் பகுதிநேர நிருபர் நான். ஓட்டு எண்ணும் நாளில் எங்கள் டெஸ்க்கில் இருந்து வரும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “நகரியில ரோஜா என்ன ஆனாங்க?” நடிகையாகத் தமிழ் வாசகருக்குத் தெரிந்த முகம் அது, கேட்பது நியாயம். அதற்குப் பதில் சொல்லிவிட்டு, அன்றைய செய்தியையும் அனுப்பிவிட்டு, பிறகு உட்கார்ந்து ஏழு ஏழாகக் கூட்டி ஒரு அட்டவணை போடுவேன். என்னை இந்த வேலையில் இத்தனை காலம் பிடித்து வைத்திருப்பது அந்த அட்டவணைதான்.

எங்கள் ஊர் நகரி சட்டமன்றத் தொகுதியின் ஐந்து மண்டலங்களில் ஒன்று. நகரி, நிண்டிரா, விஜயபுரம், புத்தூர், வடமாலப்பேட்டை என்பவை அந்த ஐந்து. ஆந்திர, சென்னை மாநில எல்லைப் பிரச்சினையில் படாஸ்கர் தந்த பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 முதல் எல்லை மாறியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. எங்கள் பக்கம் ஆந்திராவிலேயே நின்றது. வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, சந்தையில் இரண்டும். எல்லை தாண்டிப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் உண்டு. திருத்தணியில் இருக்கும் மச்சானுக்கு அரக்கோணம் எம்.பி., எங்களுக்குச் சித்தூர் எம்.பி. தமிழ்நாட்டில் 234 தொகுதியை 39 எம்.பி. தொகுதியாகப் பிரித்திருப்பதால் ஆறுக்கு ஒன்று. இங்கே ஏழுக்கு ஒன்று.

இன்னொரு வித்தியாசம் பெரியது. தமிழ்நாட்டில் 1996-க்குப் பிறகு மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் முழுத் தேர்தல் ஒன்றாக வந்ததில்லை. ஆந்திராவில் 1999 தொடங்கி 2024 வரை ஒவ்வொரு முறையும் இரண்டும் ஒன்றாகவே வந்தன. ஒரே வரிசையில் நின்று, ஒரே விரலில் மை வைத்துக்கொண்டு, இரண்டு மெஷினில் பொத்தானை அழுத்திவிட்டு வருகிறோம். எம்.பி. ஓட்டுக்கான மெஷினில் வெள்ளைத் தாள், எம்.எல்.ஏ. ஓட்டுக்கான மெஷினில் இளஞ்சிவப்புத் தாள். அங்கே கழியும் ஒரு நிமிடத்துக்குள் ஒருவர் இரண்டு முடிவு எடுக்க முடியும் என்பதைப் பலரும் நம்புவதில்லை. நான் எண்களில் பார்த்துப் பார்த்து நம்பியவன்.

எண்ணும் இடத்தில் நடப்பதைச் சொன்னால்தான் இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பது விளங்கும். காலை 8 மணிக்குத் தபால் ஓட்டு. அரை மணி நேரம் கழித்து மெஷின்கள். வழக்கமாக ஒரு ஹாலில் பதினான்கு மேசை. மேசைக்கு ஒரு சூப்பர்வைசர், ஒரு உதவியாளர், ஒரு மைக்ரோ அப்சர்வர். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் கட்சி ஏஜென்ட்டுகள் கையில் பேப்பரோடு நிற்பார்கள். கண்ட்ரோல் யூனிட்டின் சீலைக் காட்டி உடைத்து ரிசல்ட் பொத்தானை அழுத்தினால், வேட்பாளர் வாரியாக எண்கள் ஒவ்வொன்றாக வரும். ஓட்டுப்பதிவு அன்று சாயங்காலம் வாக்குச்சாவடி அதிகாரி எழுதிக்கொடுத்த ஃபாரம் 17சி-யில் உள்ள மொத்தத்தோடு அது பொருந்த வேண்டும். பொருந்தினால் அந்த பூத் முடிந்தது. பதினான்கு பூத் முடிந்தால் ஒரு ரவுண்டு. எம்.எல்.ஏ. ஓட்டுக்கு ஒரு வரிசை மேசை, எம்.பி. ஓட்டுக்கு வேறு வரிசை. எல்லா ரவுண்டும் முடிந்த பிறகு, 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து பூத்தைக் குலுக்கி எடுத்து விவிபேட் சீட்டுகளைக் கையால் எண்ணிச் சரிபார்ப்பார்கள்.

நிருபர்கள் மேசைக்குப் பக்கத்தில் உலவ முடியாது. மீடியா சென்டரில் உட்கார்ந்து மைக்கில் சொல்வதைக் குறிக்க வேண்டும். ஆகவே எங்கள் வேலை முந்தைய நாளே தொடங்கிவிடும். பூத் பட்டியலை எடுத்து, ஒன்று முதல் பதினான்கு வரை முதல் ரவுண்டு, பதினைந்து முதல் இருபத்தெட்டு வரை இரண்டாம் ரவுண்டு என்று கோடு போட்டு, எந்த ரவுண்டில் எந்த மண்டலம் வரும் என்று குறித்துக்கொள்வோம். அது கையில் இருந்தால், மூன்றாம் ரவுண்டில் ஒருவர் ஐயாயிரம் லீடிங் என்று கூச்சல் எழும்போது, வந்தது அவருடைய சொந்த மண்டலமா எதிராளியின் மண்டலமா என்று சொல்லிவிடலாம். டிவியில் ஓடும் லீடிங் எண்ணுக்கு இந்த விவரம் தெரியாது. ஓட்டு எண்ணும் நாளில் பதறாமல் எழுத எனக்கு உதவியது இந்த ஒரு பழக்கம்தான்.

புத்தூரில் எனக்கு முன்னால் பல தேர்தல் பார்த்த மூத்த நிருபர் ஒருவர் இருந்தார். எனக்கு அண்ணன் மாதிரி. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இடப்பக்கம் எம்.எல்.ஏ. ஓட்டு, வலப்பக்கம் எம்.பி. ஓட்டு என்று எழுதச் சொல்லிக் கொடுத்தவர் அவர். “ஜெயிச்சவரு பேரு நாளைக்கு எல்லாப் பேப்பர்லயும் வரும் தம்பி. ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல எவ்ளோ வித்தியாசம்னு நீ பாரு. அதுதான் யாரும் எழுதாத செய்தி” என்பார்.

அந்தப் பாடத்தின் முழு அர்த்தமும் எனக்கு 2014 மே 16 அன்று புரிந்தது. அன்று நகரியில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசின் ரோஜா 74,724 ஓட்டு, தெலுங்கு தேசத்தின் காலி முத்துகிருஷ்ணம நாயுடு 73,866. வித்தியாசம் 858. பூத்துக்கு ஆறு பேர்கூட வராது. பூதலப்பட்டில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் ஜெயித்தது 902 ஓட்டில். சந்திரகிரி, கங்காதர நெல்லூர், பலமநேர் தொகுதிகளும் அந்தக் கட்சிக்கே. சித்தூர் மக்களவைத் தொகுதிக்குள் ஏழில் ஐந்து எம்.எல்.ஏ.க்கள் அவர்கள். தெலுங்கு தேசத்துக்குக் கிடைத்தது குப்பமும் சித்தூரும் மட்டும். எம்.பி. யார்? தெலுங்கு தேசத்தின் சிவபிரசாத், 44,138 ஓட்டு வித்தியாசத்தில். சினிமா நடிகர், பிற்பாடு நாடாளுமன்ற வளாகத்தில் விதவிதமாக வேஷம் போட்டுப் போராடியதால் தமிழ்நாட்டிலும் அவர் முகம் தெரியும்.

ஏழில் ஐந்தைத் தோற்ற கட்சி எம்.பி. தொகுதியை எப்படி ஜெயித்தது என்று டெஸ்க்கில் கேட்டார்கள். அட்டவணையை வைத்துப் பதில் சொன்னேன். எம்.எல்.ஏ. தேர்தலில் தொகுதிகளை எண்ணுகிறோம். 858-இல் ஜெயித்தாலும் ஒரு தொகுதி, 47,121-இல் ஜெயித்தாலும் ஒரு தொகுதி. அந்த 47,121 அன்று குப்பத்தில் தெலுங்கு தேசத் தலைவர் சந்திரபாபு நாயுடு ஜெயித்த வித்தியாசம். எம்.பி. தேர்தலிலோ ஏழு தொகுதி ஓட்டும் ஒரே குவியலாகச் சேரும். எம்.எல்.ஏ. ஓட்டில் பார்த்தால் நகரியும் பூதலப்பட்டும் சேர்ந்து கொடுத்த முன்னிலை 1,760. குப்பம் மட்டும் கொடுத்தது அதைப்போல் கிட்டத்தட்ட இருபத்தேழு மடங்கு. 1989 முதல் ஒரு முறைகூட நாயுடுவைக் கைவிடாத குப்பம், தன் எம்.எல்.ஏ.வோடு நிற்காமல் பக்கத்துத் தொகுதிகளின் எம்.பி.யையும் தீர்மானித்தது. நகரியில் ஒருவர் ஆறு ஓட்டுக்காக பூத் பூத்தாக அலைந்தபோது, எங்களுக்கு யார் எம்.பி. என்பது தமிழும் கன்னடமும் கலந்து பேசும் அந்த மூன்று மாநில முனையில் முடிவாகிக்கொண்டிருந்தது.

2019-இல் அந்தக் குவியல் போதவில்லை. குப்பத்தில் நாயுடுவின் வித்தியாசம் 30,722-ஆகக் குறைந்தது. மற்ற ஆறு தொகுதிகளும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்குப் போயின. எம்.பி. பதவியும் அந்தக் கட்சியின் ரெட்டப்பாவுக்கு, ஒரு லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில். நகரியில் ரோஜாவும் முத்துகிருஷ்ணம நாயுடுவின் மகன் காலி பானுபிரகாஷும் மோதி, ரோஜா 2,708-இல் தப்பித்தார். மாநிலம் முழுவதும் பெரிய அலை அடித்த வருஷம் அது. அந்த அலையிலும் நகரியின் வித்தியாசம் மூவாயிரத்தைத் தொடவில்லை என்பதை அட்டவணையில் வட்டம் போட்டு வைத்தேன். எங்கள் தொகுதி ஒரு கட்சிக்கு எழுதிக்கொடுத்த தொகுதி இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. 2024-இல் அதே இருவர் மோதியபோது பானுபிரகாஷ் 45,004 ஓட்டில் ஜெயித்தார்.

அந்த 2024 தேர்தலில்தான் எங்கள் பக்கம் ஒரு பாடப் புத்தகம் போலக் கிடந்தது. பக்கத்துப் பக்கத்து இரண்டு எம்.பி. தொகுதிகள், இரண்டும் தனித் தொகுதிகள், இரண்டிலும் மே 13 அன்று ஓட்டுப்பதிவு. சித்தூரில் ஏழு எம்.எல்.ஏ. தொகுதியும் தெலுங்கு தேசத்துக்கு, எம்.பி.யாக அதே கட்சியின் தக்குமள்ளா பிரசாத ராவ் 2,20,479 வித்தியாசத்தில் வந்தார். ஏழும் ஒன்றும் ஒரே திசையில் போயின. திருப்பதியில் ஏழும் ஒரு பக்கம், ஒன்று மறு பக்கம்.

வித்தியாசம் எங்கே? சித்தூர் வாக்காளருக்கு இரண்டு மெஷினிலும் தெலுங்கு தேசத்தின் சைக்கிள் இருந்தது. திருப்பதியில் கூட்டணி எம்.பி. இடத்தை பாஜகவுக்கு ஒதுக்கியிருந்தது. ஆறு தொகுதிகளில் ஒரு மெஷினில் சைக்கிள், இன்னொன்றில் தாமரை. திருப்பதி சட்டமன்றத் தொகுதியில் ஜனசேனாவின் கண்ணாடி டம்ளர், பக்கத்து மெஷினில் தாமரை. ஒய்.எஸ்.ஆர். காங்கிரசின் ஃபேன் மட்டும் இரண்டிலும் ஃபேனாகவே இருந்தது. தாமரையில் நின்ற வரபிரசாத ராவ் 2014-இல் இதே திருப்பதியில் ஃபேனில் நின்று எம்.பி. ஆனவர், 2019-இல் அதே கட்சியில் கூடூர் எம்.எல்.ஏ.; தேர்தலுக்குச் சில வாரம் முன்புதான் பாஜகவுக்கு வந்தார். எதிரே குருமூர்த்தி 2021 இடைத்தேர்தலில் ஜெயித்து, ஏற்கெனவே எம்.பி.யாக இருந்தவர்.

எவ்வளவு பேர் மாற்றிப் போட்டார்கள் என்பதற்கு ஒரு அளவு சொல்கிறேன். திருப்பதி சட்டமன்றத் தொகுதியில் கூட்டணியின் ஆரணி ஸ்ரீனிவாசுலு ஜெயித்த வித்தியாசம் 61,956. காளஹஸ்தியில் பொஜ்ஜல சுதீர் ரெட்டி ஜெயித்தது 43,304-இல். இந்த இரண்டு மட்டுமே ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. மீதி ஐந்தும் கூட்டணிக்கே. அத்தனை முன்னிலையும் எம்.பி. மெஷினில் கரைந்து, அதற்கு மேலும் 14,569 பள்ளமாகி இருக்கிறது. தெலுங்கில் இதைக் ‘கிராஸ் ஓட்டிங்’ என்றே எழுதுகிறார்கள். எங்கள் தெருவிலும் அதே பேச்சுதான்.

தாமரை என்பதால்தான் தோற்றது என்று அன்றிரவு பலர் எழுதினார்கள். மாநிலம் முழுக்கப் பார்த்தால் அதற்கு ஆதாரம் உண்டு. 25 எம்.பி. தொகுதிகளில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் ஜெயித்தது நான்கே நான்கு: கடப்பா, ராஜம்பேட்டை, திருப்பதி, அரக்கு. அதில் கடப்பா தவிர மூன்றிலும் எதிரே நின்றது பாஜக. ராஜம்பேட்டையில் ஏழு சட்டமன்றத் தொகுதிகளில் நான்கு கூட்டணிக்கு வந்தும், முன்னாள் முதல்வர் கிரண்குமார் ரெட்டி தாமரையில் நின்று மிதுன் ரெட்டியிடம் தோற்றார். ஆனால் அதே பாஜக ராஜமுந்திரி, அனகாபள்ளி, நரசாபுரம் மூன்றையும் ஜெயித்தது. ஆக, சின்னம் ஒரு காரணம். ஆள், ஊர், முந்தைய உறவு எல்லாம் மற்ற காரணங்கள். எவ்வளவு ஓட்டு எங்கே நகர்ந்தது என்பதை எண் உறுதியாகச் சொல்லும். ஏன் நகர்ந்தது என்பதை நாம் ஜனங்களிடம் போய்க் கேட்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பாமல் எழுதுவது ஒரு நிருபரின் கடமை என்று நினைக்கிறேன்.

தமிழ் வாசகருக்கு இது புதிதும் இல்லை. 2019-இல் தமிழ்நாட்டில் மக்களவையோடு சேர்த்து 22 சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் நடந்தது. அப்போது தேர்தல் நடந்த 38 மக்களவைத் தொகுதிகளில் 37-ஐ திமுக கூட்டணி அள்ளியது. இடைத்தேர்தலிலோ அதிமுக ஒன்பது தொகுதிகளை ஜெயித்து ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டது. டெல்லிக்கு யார், கோட்டைக்கு யார் என்று ஜனங்கள் தனித்தனியாக யோசித்தார்கள். 2024-இல் ஒடிசாவைப் பாருங்கள். 21 மக்களவைத் தொகுதிகளில் நவீன் பட்நாயக்கின் பிஜு ஜனதா தளத்துக்கு ஒன்றுகூட இல்லை. கூடவே நடந்த சட்டமன்றத் தேர்தலில் 147-இல் 51 அவர்களுக்குக் கிடைத்தது. படிக்காதவர்கள், சின்னம் பார்த்துக் குத்துபவர்கள் என்று வாக்காளரைப் பற்றி ஏளனமாகப் பேசுகிறவர்களிடம் நான் இந்த அட்டவணைகளைத்தான் காட்டுவேன். ஒரு லட்சம் பேருக்கு மேல் ஒரு மெஷினில் ஒன்றும் அடுத்த மெஷினில் வேறொன்றும் அழுத்தியிருக்கிறார்கள் என்றால், அவர்கள் தெரிந்துதான் அழுத்தியிருக்கிறார்கள்.

இந்த அட்டவணை போடும் வேலை 2022-க்குப் பிறகு கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. அந்த ஏப்ரலில் 13 மாவட்டங்களை 26 ஆக்கினார்கள். எம்.பி. தொகுதிக்கு ஒரு மாவட்டம் என்பது பொதுவான அளவுகோல். ஆனால் எங்கள் பக்கம் கோடு நேராக விழவில்லை. நகரி தொகுதியிலேயே விஜயபுரம், நகரி, நிண்டிரா சித்தூர் மாவட்டத்தில் நின்றன. புத்தூரும் வடமாலப்பேட்டையும் திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. சந்திரகிரி திருப்பதி மாவட்டம், எம்.பி. தொகுதியோ சித்தூர். சர்வேபள்ளி நெல்லூர் மாவட்டம், எம்.பி. தொகுதி திருப்பதி. ஆகவே 2024-இல் மாவட்டக் கணக்கைக் கூட்டினால் எம்.பி. கணக்கு வராது. தொகுதி தொகுதியாக ஃபாரம் 20-ஐ எடுத்து, நாமே ஏழைச் சேர்த்து, தபால் ஓட்டைத் தனியாகக் கூட்டினால்தான் அறிவித்த எண்ணோடு பொருந்தும். ஒவ்வொரு பூத்திலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை ஓட்டு என்று காட்டும் கடைசி முடிவுத் தாள்தான் ஃபாரம் 20. தேர்தல் முடிந்து சில நாளில் அது பொதுவுக்கு வரும். அதற்குள் டெஸ்க் வேறு செய்திக்குப் போயிருக்கும். நான் அதற்காகக் காத்திருப்பேன்.

பூத் வாரியான எண்ணுக்கு ஒரு ஆபத்தும் உண்டு. கிராமத்துக்கு ஒரு பூத் என்றால், அந்தக் கிராமம் யாருக்குப் போட்டது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். ரோடு வராமல் போவதும், போர்வெல் போடாமல் போவதும் அதை வைத்து நடக்கலாம். காகிதச் சீட்டு காலத்தில் பல பூத் சீட்டுகளைக் கலந்து எண்ணும் வழக்கம் இருந்தது. மெஷின் வந்த பிறகு அது நின்றுபோனது. பதினான்கு மெஷினைச் சேர்த்து மொத்தமாக மட்டும் எண்ணைக் காட்டும் ‘டோட்டலைசர்’ கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இல் முன்வைத்தது. சட்ட ஆணையமும் 2015-இல் தன் 255-ஆவது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். பூத் எண்களைச் சேர்த்து வைப்பேன். பத்திரிகைக்கு மண்டல அளவில்தான் கொடுப்பேன். இந்தக் கிராமம் இவரைக் கைவிட்டது என்று ஒரு வரிகூட என் பெயரில் வராது. ரகசிய ஓட்டு என்பது தனி ஆளுக்கு மட்டும் உரியது இல்லை. நூறு வீடு உள்ள ஒரு சின்ன ஊருக்கும் அது உரியது.

அப்படியானால் ஏன் சேர்த்து வைக்க வேண்டும் என்று இளம் நிருபர்கள் கேட்கிறார்கள். தொகுதியின் எல்லை நிலையானது இல்லை என்பதே என் பதில். 2008 மறுவரையறையில் புத்தூர் சட்டமன்றத் தொகுதி மறைந்து, புத்தூரும் வடமாலப்பேட்டையும் நகரியோடு சேர்ந்தன. எல்லைக்கு அந்தப் பக்கம் பள்ளிப்பட்டு தொகுதியும் அதே மறுவரையறையில் மறைந்து திருத்தணிக்குள் போனது. 2004-இல் நகரி என்று எழுதிய எண்ணும் 2009-இல் நகரி என்று எழுதிய எண்ணும் ஒரே பெயர் கொண்ட வேறு வேறு நிலங்களின் எண்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டு ஏறியது இறங்கியது என்று எழுதினால் அது பொய்க் கணக்கு. பூத் வாரியான எண் கையில் இருந்தால் மட்டும், பழைய ஓட்டைப் புதிய எல்லைக்குள் மறுபடி கூட்டிப் பார்த்து உண்மையை எழுதலாம். அமெரிக்காவில் இதையே ஒரு பெரிய வேலையாகச் செய்கிறார்கள். அதிபர் ஓட்டு பெரும்பாலும் மாநில வாரியாகவும் கவுண்டி வாரியாகவுமே கிடைக்கும். பிரதிநிதிகள் சபைத் தொகுதி ஒவ்வொன்றிலும் அதிபர் வேட்பாளருக்கு எத்தனை என்று அறிய, ஆய்வாளர்கள் வாக்குச்சாவடி எண்களைத் தேடி எடுத்துத் தொகுதிக்குள் கூட்டுகிறார்கள். கோடு மாறும்போதெல்லாம் மறுபடியும் கூட்டுகிறார்கள்.

நமக்கும் அடுத்த மறுவரையறை வரத்தான் போகிறது. அப்போது ஏழுக்கு ஒன்று என்ற கணக்கு நிலைக்குமா, விஜயபுரம் எந்தத் தொகுதிக்குப் போகும் என்பதை வேறு யாரோ முடிவு செய்வார்கள். ஆனால் 2014-இலும் 2019-இலும் 2024-இலும் எங்கள் ஊர்க்காரர்கள் வெள்ளைத் தாளுக்கு நேரே எதை அழுத்தினார்கள், இளஞ்சிவப்புத் தாளுக்கு நேரே எதை அழுத்தினார்கள் என்பதை யாராலும் மாற்ற முடியாது. மேற்கே குப்பத்தில் இருந்து கிழக்கே சூலூர்பேட்டை வரை இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். முடிவு அறிவித்த அன்றே வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஃபாரம் 20 வந்ததும் எடுத்து வையுங்கள். எம்.எல்.ஏ. ஒரு பக்கம், எம்.பி. ஒரு பக்கம் என்று எழுதுங்கள். ஜனங்கள் வெயிலில் நின்று இரண்டு முடிவு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்; இரண்டையும் எழுதி வைக்க ஊருக்கு ஒருவராவது வேண்டும்.